கல்யாணத்துக்கு டிரில் கொடுக்கிற அண்ணி

எங்க அண்ணி கடைக்கு வர்றாங்கன்னா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி, "மேடம், உங்க அண்ணி வர்றாங்க, கையில ஏதோ செத்துப்போனது இருக்கு"ன்னு குரல் கொடுத்துடுவாரு. தள்ளுபடி விலையில கருவிங்க விக்கிற கடையில வாரண்டி கவுன்ட்டர்தான் என் இடம். உடைஞ்சது, எரிஞ்சது, ஓடாதது எல்லாம் என்கிட்டதான் வரும். கூடவே கோபமும் வரும். "என்னம்மா விக்கிறீங்க"ன்னு நான்தான் அதை என் வீட்டுக் கொல்லையில செஞ்ச மாதிரி கேப்பாங்க.

அண்ணி மட்டும் கத்த மாட்டாங்க. டிரில்லைக் காய்ச்சல் வந்த குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மேஜை மேல வைப்பாங்க. "புகை வந்துச்சுடி. பாவம், நல்லா உழைச்சுது"ன்னு சொல்லுவாங்க. பில்லைத் தேடுற வேலையே இல்லை. எந்தக் கருவி வாங்கினாலும் அதோட பில்லை மடிச்சு அதன் வயித்துலயே டேப் போட்டு ஒட்டிடுவாங்க. மத்தவங்ககிட்ட பில் எங்கன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க, அண்ணி டிரில்லைக் குப்புறப் போடுவாங்க. நான் புதுசு கொடுப்பேன்.

கேட்டாலும் சொல்றேன், கேக்காட்டியும் சொல்றேன். இந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதான் கூடக் காசு கட்டி நீட்டிக்கிற வாரண்டி, எல்லாருக்கும் உதவாது. சுத்தியலுக்கு அதை வாங்கிட்டுப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். இரும்புத் துண்டுய்யா அது, உன் பேரன் கையிலயும் இருக்கும், பேசாம போன்னு வாய் வரைக்கும் வரும். மேனேஜர் பக்கத்துல நிப்பாரு, முழுங்கிக்குவேன். வாரண்டின்னா அதைக் கேட்டு வாங்க ஒரு ஆள் வேணும். எங்க அண்ணி மாதிரி விடாக்கண்டனுக்குத்தான் அது சரிப்படும்.

மலிவுச் சாமானுக்கும் அண்ணி ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. பிடிக்கிறது, இறுக்குறது, தட்டுறது எல்லாம் மலிவா வாங்கலாம். உளியும் ரம்பமும் மட்டும் விலை கூடப்போனாலும் நல்லதா வாங்கணும். "மொண்ணை உளி நழுவினா கையிலதான்டி இறங்கும். விரலுக்கு எந்தக் கடையிலயும் வாரண்டி கிடையாது"ன்னு சொல்லுவாங்க. டிரில் விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தினமும் கதவு மாட்டுறவங்க இந்த டப்பா டிரில்லை வச்சு மாரடிக்கலாமா? "நல்லதா ஒண்ணு வாங்குங்க அண்ணி"ன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வத்திப்போச்சு.

அண்ணி வேலை கதவு மாட்டுறது. எங்கண்ணனைக் கட்டிக்கிட்டு வந்த வாரமே எங்க வீட்டு அலமாரிக் கதவைக் கழட்டிக் கீலை மாத்திப் போட்டாங்க. அது நான் பொறந்ததுலேர்ந்து கிறீச்சுன்னு கத்திக்கிட்டிருந்த கதவு. எங்கண்ணன் பேக்கரியில ரொட்டி போடுறவன். மாவு பிசையச் சொன்னா சொக்கத்தங்கம், ஆணி அடிக்கச் சொன்னா சுவரையே இடிச்சுடுவான். அன்னிக்கு அவன் அந்தக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு நின்னான். பைத்தியம் பிடிச்சுடுச்சோன்னு நினைச்சேன். பிடிச்சுத்தான் இருந்துச்சு, இன்னும் விடலை.

ஒரு மேஸ்திரிகிட்ட ரொம்ப வருஷம் அண்ணி வேலை பார்த்தாங்க. இவங்க மாட்டின கதவை வீட்டுக்காரங்க ஒத்தை விரலால தள்ளிப் பார்த்துட்டு, "அட, யாரு வேலை இது?"ன்னு கேப்பாங்க. மேஸ்திரி மார்ல கையை வச்சு, "நம்ம வேலைதான்"னு சொல்லுவாரு. அந்த 'நம்ம'ல அண்ணி இருந்ததே இல்லை. ஒருநாள் கீலைக் கையில வச்சுக்கிட்டு இவங்க பக்கத்துலயே நிக்கும்போது அவரு அதே பாட்டைப் பாடினாரு. அண்ணி கீலைக் கீழ வச்சாங்க, பையை எடுத்தாங்க, நடையைக் கட்டிட்டாங்க.

இப்ப எங்க குடும்பத்துச் சிரிப்புக் கதைக்கு வர்றேன். சொந்தத்துல யாருக்குக் கல்யாணம்னாலும் அண்ணி எங்க கடைக்கு வருவாங்க, அதே மலிவு டிரில்லுல ஒண்ணு வாங்கி, அதுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டியும் போட்டு, கலர் பேப்பர் சுத்திக் கொடுத்துடுவாங்க. என் கல்யாணத்துக்கும் அதுதான். புகுந்த வீட்டுல எல்லார் முன்னாடியும் பெட்டியைப் பிரிச்சாங்க. வெள்ளி விளக்குன்னு நினைச்சு எட்டிப் பார்த்த எங்க மாமியார் முகம் போன போக்கைப் பாக்கணுமே! "கல்யாணத்துக்கே வாரண்டி இல்லாத காலத்துல டிரில்லுக்கு மூணு வருஷ வாரண்டியா?"ன்னு மாமனார் கேட்டாரு. கூடம் பூரா சிரிச்சுது, எனக்கு மானம் போச்சு. "ஏன் அண்ணி இப்படிப் பண்ணினீங்க"ன்னு அழுதேன். "புது வீட்டுல எத்தனை ஓட்டை போட வேண்டியிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஆம்பளை கையைப் பார்த்துக்கிட்டிருப்பியா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் எங்க மாமியாரே அதுல முட்டை அடிக்கிற கம்பியைச் சொருகிக்கிட்டாங்க. கேக்குக்கு முட்டை நுரைக்க அதை விட்டா வேற எதையும் தொட மாட்டேங்குறாங்க. அந்தக் கூத்தைத் தனியாச் சொல்லணும்.

தனியா வந்த அண்ணிக்குச் சில்லறை வேலையாத்தான் கிடைச்சுது. ஒரு தாழ்ப்பாள், ஒரு ஜன்னல் கொக்கி, அவ்வளவுதான். அப்பதான் குழந்தைகள் காப்பகம் கட்டிக்கிட்டிருந்த ஒரு அம்மா மொத்தக் கதவையும் அண்ணிகிட்ட கொடுத்தாங்க. மேஸ்திரியும் அதே வேலையைக் கேட்டிருந்தாரு. அந்தம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க: "சனிக்கிழமை சாயங்காலம் நான் வரும்போது எல்லாக் கதவும் மாட்டியிருக்கணும். இருந்துச்சுன்னா பக்கத்துக் கட்டடமும் உனக்குத்தான். இல்லேன்னா மேஸ்திரியைக் கூப்பிட்டுக்குவேன், என்னைக் குத்தம் சொல்லாதே." அண்ணி எங்கண்ணன்கிட்ட, "இதை முடிச்சுட்டா இனி யாருகிட்டயும் கை கட்டி நிக்க வேண்டாங்க. முடிக்கலேன்னா திரும்ப அவருகிட்டத்தான் போகணும்"னு சொன்னாங்களாம். அவன் பன்னுக்கு உப்பு போட மறந்துட்டு என்கிட்ட வந்து புலம்பினான்.

சனிக்கிழமை காலையில கடை திறந்த கொஞ்ச நேரத்துலயே செக்யூரிட்டி குரல் கேட்டுச்சு. அண்ணி ஓடி வந்தாங்க. டிரில் எரிஞ்சுபோச்சு. அது எப்பவும் நடக்குறதுதானே, நான் பாட்டுக்குப் புதுசை எடுத்து நீட்டினேன்.

"மெஷின் கிடக்கட்டும்டி. பேட்டரி?"

எங்க வாரண்டியில மெஷினை மாத்திக் கொடுப்போம், பேட்டரிக்குக் கிடையாது. அது அண்ணிக்கே தெரியும், அதனாலதான் எப்பவும் ரெண்டு பேட்டரி வச்சிருப்பாங்க. எரிஞ்ச மெஷினோட ஒண்ணு உருகி ஒட்டிக்கிச்சு. பதட்டத்துல இன்னொண்ணை எடுக்கப் போக, கை தவறி அது பெயின்டர் வாளிக்குள்ள விழுந்து முங்கிடுச்சு. வெள்ளை பெயின்ட் சொட்டச் சொட்ட அதையும் துணியில சுத்திக் கொண்டுவந்திருந்தாங்க.

காசு கொடுத்தே வாங்கலாம்னு ஓடிப் பார்த்தேன். தள்ளுபடியில பேட்டரியும், பேட்டரியோட வர்ற டிரில் பெட்டியும் எல்லாம் வித்துத் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம்தான் வரும்னு மேனேஜர் கையை விரிச்சாரு. ஒசத்தி டிரில் வாங்க ரெண்டு பேர் கையிலயும் அவ்வளவு காசு இல்லை. வயர் டிரில் எடுத்துட்டுப் போகலாம்னா அந்தக் கட்டடத்துக்கு இன்னும் கரண்டே வரலை. அண்ணி தெருவுல ஒருத்தரு ஒசத்தியான டிரில் வச்சிருக்காரு. கண்ணுல காட்டுவாரு, கையில தர மாட்டாரு. கேட்டுட்டுத்தான் வந்திருந்தாங்க. "வாங்கி வச்ச பொருளுக்கு ஏதாவது ஆயிட்டா"ன்னாராம்.

அண்ணி என் ஸ்டூல்ல உக்காந்தாங்க. எந்த டிரில் செத்தாலும் சிரிச்சுக்கிட்டு வந்த முகம் சுருங்கிப்போச்சு. "பரவாயில்லைடி. மேஸ்திரிகிட்டயே போயிடுறேன். வேலை வேலைதானே"ன்னாங்க. எனக்கு அழுகை வந்தா கோபமாத்தான் வரும்.

"அடச்சீ, வாயைக் கழுவுங்க அண்ணி! நல்ல டிரில்லா வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? ஊருக்கெல்லாம் இந்த டப்பாவை வாங்கிக் கொடுத்து..."

அந்த வார்த்தை எனக்கே உறைச்சுது. ஊருக்கெல்லாம்!

ஒரே டிரில்லு. ஒரே மாடலு. ஒரே பேட்டரி. எங்க கடைக்காரங்களுக்கு இருக்கிற சோம்பேறித்தனத்துல அந்த மாடலை மாத்தவே இல்லை, அவங்க வாழ்க! நான் போனை எடுத்தேன்.

முதல்ல எங்க வீடு, மாமியார்தான் எடுத்தாங்க. "அத்தை, டிரில்லைக் கொண்டுக்கிட்டு உடனே காப்பகத்துக்கு வாங்க."

"ஐயோ, பாதி முட்டை அடிச்சிருக்கேனே."

"மீதியைக் கையால அடிங்கத்தே!"

அடுத்து சித்தப்பா மகன். "டேய், அண்ணி கொடுத்த டிரில் எங்கடா?"

"பரண்ல இருக்குக்கா. பிரிக்கவே இல்லை."

"மகராசனா இரு. இப்பப் பிரி."

எங்க அப்பா கூடப்பொறந்த அத்தையோட மகள் அதைக் கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுத்து வச்சிருந்தாளாம். மாமா வீட்டுல எங்கேயோ இருக்குன்னாங்க, தேடுங்கன்னேன். சிரிச்சவங்க யாரையும் நான் விடலை. ஒருத்தர்கிட்டேர்ந்தும் இல்லைங்கிற பதில் வரலை. தங்கம் போட்டிருந்தா இதுக்குள்ள அடகுக் கடையில இருந்திருக்கும். டிரில்லை யாரு அடகு பிடிக்கிறா? மேனேஜர் முறைச்சாரு. "சார், எனக்கு அரை நாள் லீவு. முடியாதுன்னா சம்பளத்துல பிடிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு அண்ணி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினேன்.

பரண்ல கிடந்ததுல சார்ஜ் இருக்குமா? காப்பகத்துக்குப் பக்கத்துத் தெரு பேக்கரிதான் எங்கண்ணனுக்கு. அவன் பன் அடுக்குற தட்டுல பேட்டரிங்களை வரிசையா வச்சு, இருக்கிற பிளக்குல எல்லாம் சார்ஜரைச் சொருகிட்டான். ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மா, "இது என்ன புது பிஸ்கட்டா?"ன்னு கேட்டாங்களாம். "கொஞ்சம் கெட்டிங்க, பல்லு போயிடும்"னு சொல்லியிருக்கான். ஒரு பேட்டரி ஏற ஏற அதைத் துணியில சுத்தி, அடுப்புச் சூட்டுல சிவந்த முகத்தோட ஓடி வந்து கொடுத்துட்டு, தீர்ந்ததை வாங்கிக்கிட்டுத் திரும்ப ஓடுவான். அவன் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

வந்தவங்க பேட்டரியைக் கொடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பார்த்தா, ஒருத்தரும் போகலை. சித்தப்பா மகன் கதவைத் தூக்கிப் பிடிச்சான். அத்தை மகள் ஸ்க்ரூவை எடுத்து எடுத்துக் கொடுத்தா. எங்க மாமியார் கம்பியில ஒட்டியிருந்த முட்டை நுரையைத் துடைச்சுக்கிட்டே, "அந்தக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் உரசுதே"ன்னு மேற்பார்வை பார்த்தாங்க. உரசவே இல்லை. ஆனாலும் அண்ணி, "சரிங்கம்மா"ன்னு ஒரு தடவை இழைச்சுக் காட்டினாங்க. டிரில் சத்தத்துக்கு மேல அவங்கவங்க கல்யாண மானம் போன கதைதான். சிரிச்சுச் சிரிச்சு ஒருத்தன் கதவைக் கால்ல போட்டுக்கிட்டான். ஓட்டை போடுறதும் கீல் பதிக்கிறதும் மட்டும் அண்ணி கை. அதுல வேற யாரையும் தொட விடலை.

கடைசிக் கதவுக்குக் கடைசி ஸ்க்ரூ ஏறிக்கிட்டிருக்கும்போது மேஸ்திரி வந்தாரு, தோள்ல கருவிப் பையோட. முடிஞ்சிருக்காதுங்கிற நம்பிக்கையிலதான் வந்திருப்பாரு. சுத்திப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாரு. அவரு பின்னாடியே காப்பகத்தம்மாவும் வந்துட்டாங்க.

அந்தம்மா ஒவ்வொரு கதவா ஒத்தை விரலால தள்ளிப் பார்த்தாங்க. ஒவ்வொண்ணும் சத்தமே இல்லாமப் போய் நிலையில உக்காந்துச்சு. கடைசிக் கதவுகிட்ட வந்து திரும்பிப் பார்த்தாங்க.

"யாரு வேலை இது?"

பழக்கதோஷம், மேஸ்திரி கை மாருக்குப் போச்சு. "நம்ம..."ன்னு ஆரம்பிச்சாரு. எங்க மாமியார் முட்டைக் கம்பியோட அந்த டிரில்லை அவரு பக்கம் திருப்பி, ஒரு தடவை 'விர்ர்'ருன்னு ஓட விட்டாங்க. அவரு வாய் மூடிக்கிச்சு.

அண்ணி தலைமுடியெல்லாம் மரத்தூள். கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு நேரா நின்னாங்க.

"நான் மாட்டினது"ன்னாங்க.

வாசல்ல கடைசிப் பேட்டரியோட வந்து நின்ன எங்கண்ணன், துணி மூட்டையை நெஞ்சோட கட்டிக்கிட்டு அழுதுட்டான். நானும்தான். எதுக்கு மறைக்கணும்?

திங்கக்கிழமை அண்ணி கடைக்கு வந்தாங்க, கையில எதுவும் சாகாம. பக்கத்துக் கட்டடத்துக்கு முன்பணம் வந்திருந்துச்சு. நான் இத்தனை வருஷமா வாங்குங்க வாங்குங்கன்னு சொன்ன ஒசத்தி டிரில்லை அவங்களே எடுத்து மேஜை மேல வச்சாங்க. அது பக்கத்துல அந்தப் பழைய டப்பா மாடல்லயும் ஒண்ணு வச்சாங்க.

"இது எதுக்கு அண்ணி?"

"அடுத்த மாசம் உன் கொழுந்தனுக்குக் கல்யாணம் இல்லையா?"

வேலைப் பழக்கம், என் வாய் தானாக் கேட்டுச்சு: "எக்ஸ்டெண்டட் வாரண்டி போடவா?"

"என்னோடதுக்கு வேண்டாம், அது தாங்கும். கல்யாண டிரில்லுக்குப் போடுடி. அது எல்லாருக்கும் வேணும்."