கூரையில்லாத காரும் அம்மாவின் குமட்டலும்

“…குமட்டவும் இல்ல, கிறுகிறுன்னும் வரல, நல்லாத்தான் இருக்கேன். ஆனா வண்டிய இங்கன நிறுத்துங்க” என்று அம்மா சொன்னபோது நாங்கள் போடிமெட்டைத் தாண்டி, பெரியம்மா இருக்கிற எஸ்டேட்டுக்குப் பிரியும் மண்பாதையின் வாயில் இருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா பிரேக்கை மிதித்தார். அந்தப் பிரேக்கைப் பிடிக்க வைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். மொத்தக் காருக்கும் பட்ட பாடும் தெரியும். ஏழு மாதப் பாடு அது. அம்மாவின் குமட்டலால் வந்த பாடு என்பதால், அந்தக் குமட்டலில் இருந்துதான் சொல்லியாக வேண்டும்.

அம்மா மலையில் பிறந்தவள். ஏலக்காட்டிலேயே வளர்ந்து, ஜீப் ஓட்டுகிற அப்பாவைக் கட்டிக்கொண்டு போடிக்கு இறங்கி வந்தவள். ஆனால் எனக்கு விவரம் தெரிந்து அவள் மலை ஏறியதே கிடையாது. வளைவில் வண்டி திரும்பினால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பாள். தெரு முழுக்க இது தெரிந்த சங்கதி. “ஒங்காத்தாகிட்ட மலைன்னு சொல்லிப்புட்டு எலுமிச்சம்பழத்தக் கையில குடுத்துரணும்” என்று பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லும்.

அப்பாவோ தினமும் காலையில் ஜீப்பில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடுகிறவர். அவர் வந்து கைகால் கழுவும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்பாள். மேலே மழையா? அப்பா மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பெரியம்மா வீட்டுக் கதையை முழுசாகச் சொல்லுவார். பெரியம்மாவுக்கு ஒரே மகள். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. அவளுக்குக் காய்ச்சல் விட்டதா, பரீட்சை எப்படி எழுதினாள், முடியை ஏன் வெட்டிக்கொண்டாள், எல்லாம் அதில் வரும். அம்மா தையல் மிஷினில் இருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மழையைக் கேட்டவளுக்கு இவ்வளவு எதற்கு என்று எனக்குத் தோன்றும்.

நான் அப்பாவோடு ஜீப்பில் போய் ரெண்டு மூன்று தடவை அக்காவைப் பார்த்திருக்கிறேன். நான் அறிய அம்மா பார்த்ததில்லை. பெரியம்மாவும் அக்காவோடு போடிக்குத் துணி எடுக்க வந்தால், எங்கள் தெருப் பக்கம் திரும்பாமல் அப்படியே பஸ் ஏறிவிடும்.

ஆனி மாதம் ஒரு நாள் அப்பா மழையோடு வேறு ஒரு சேதியும் கொண்டுவந்தார். அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. தை மாதம், பெரியம்மா வீட்டு வாசலிலேயே பந்தல். பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தது: “தங்கச்சி வராம நான் பிள்ளைய மணையில ஏத்த மாட்டேன்.” அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்தபிறகு, வழக்கமான குடல் கதையைச் சொன்னாள். மூடின வண்டிதானே உனக்கு ஆகாது என்று அப்பா கேட்டார். அம்மா யோசிக்காமல் ஆமாம் என்றுவிட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம், ஏலக்காய் மூட்டை இறக்க வந்த லாரியில் ஒரு கார் வந்து இறங்கியது. வெள்ளைக்காரத் துரை காலத்துக் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, நீளமான மூக்கு, குட்டை முதுகு, சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பி வைத்த சக்கரம். பந்தயத்தில் ஓடுகிற ரகமாம். எஸ்டேட் பங்களாவின் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்தது. பங்களாவைக் காலி செய்தவர்கள், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. சீட்டைக் கிழித்தால் எலி சேர்த்து வைத்த ஏலக்காய் ரெண்டு படி. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, “அண்ணே, கோழிக்கூட்டுக்கு எதுக்குண்ணே சக்கரம்?” என்றது.

வீட்டுக்குப் பின்னால் ஜீப் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் வேலை தொடங்கியது. இஞ்சின் அசையவில்லை. பிஸ்டன் நாலும் துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிப்போயிருந்தன. அப்பா அதற்குள் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றினார். ஜீப்பு சோலி முடிந்து வந்ததும், காரை கியரில் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுவார். சைக்கிள் கடை மாமா துணைக்கு வருவார். நான் ஸ்டியரிங் பிடிப்பேன். தினமும் அரைமணி நேரம். மாமாவுக்குப் பத்து நாளில் வெறுத்துவிட்டது. “மாப்ளே, இது செத்து ரொம்ப வருசமாச்சு. நாம பொணத்தத் தாலாட்டிக்கிட்டிருக்கோம்” என்றார். அப்பா விடாமல் ஆட்டினார். ஒன்பதாவது வாரம் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கார் நாலு விரக்கடை நகர்ந்து, இஞ்சினும் கூடவே சுற்றியது. மாமா போய் சைக்கிள் கம்பி முறுக்குகிற சாவியை எடுத்துவந்து சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நாலு சக்கரத்தையும் கோணலெடுத்து முடிக்கிற வரைக்கும் அவர் கடையில் பஞ்சர்கூடப் பார்க்கவில்லை.

அடிப்பக்கம் துருவில் உதிர்ந்திருந்தது. அப்பா தார் டிரம்மை விரித்துத் தட்டித் தகடாக்கிப் பற்றவைத்தார். இஞ்சின் முதல்தடவை பிடித்த அன்று தெருவே கொட்டகையில் நின்றது. வந்த புகையில் பாதிப் பேர் இருமிக்கொண்டு ஓடினார்கள். அம்மா மட்டும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்க ஆரம்பித்தாள்.

நேராக அப்பாவிடம் சொல்லமாட்டாள். என்னிடம் சொல்வாள். நான் கொட்டகைக்கு ஓடிப்போய்ச் சொல்வேன். முதலில் சொன்னது புகை வாடை. அப்பா ஜீப்பின் பழைய குழாய் ஒன்றை வெட்டி, புகை பின்னால் தள்ளிப் போகிறமாதிரி நீட்டினார். அடுத்தது சீட்டு. தரையோடு தரையாக உட்கார்ந்தால் முன்னால் என்ன வளைவு வருகிறதென்று தெரியாது, அப்படியிருந்தால் தலை சுற்றும் என்றாள். அப்பா சீட்டுக்கு அடியில் பலகைப் பெட்டி அடித்து ஒரு முழம் உயர்த்தினார். உயர்த்தியதும் தலை முன்கண்ணாடிக்கு மேலே போய்விட்டது. காற்று கண்ணில் அடிக்குமே என்றாள். அந்த அழகான சின்னக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பழைய ஜீப்புக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்றாள், பஸ்ஸில் இருக்கிறது மாதிரி ஒரு கம்பி வந்தது. பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்றாள். சாமான் வைக்கிற இடத்தை வெட்டி எனக்கு ஒரு குட்டிச் சீட்டு பிறந்தது. அம்மா சொல்லச் சொல்ல, நான் ஓட ஓட, அந்தப் பந்தயக் கார் தேரும் ஜீப்பும் கலந்த ஒரு பிராணியாக மாறிக்கொண்டே வந்தது.

இதற்கு நடுவில், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் வந்தார். பழைய கார் சேர்க்கிறவர். கொட்டகை வாசலில் வந்து நின்றவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, இழவு வீட்டில் கேட்கிற குரலில் கேட்டார். “ஏனுங்க, இது என்ன வண்டின்னு தெரிஞ்சுதான் இப்படிப் பண்ணுனீங்களா?”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தெரியும் சார். எங்க வீட்ல ஒரு ஆளு மலை ஏறணும். அதுக்கு என்னென்ன வேணுமோ, அதத்தான் பண்ணியிருக்கேன்.”

அவர் காரைச் சுற்றி வந்து, முன்பக்க விளக்கு ஒன்றைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அம்மா சமையல்கட்டு ஜன்னலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு அவள் என்னைத் தூது அனுப்பவில்லை. மறுநாள், மெட்டில் சாரல் அடிக்கும், மேலே மறைக்க ஏதாவது வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். அப்பா ஒரு ஜீப்பு படுதாவை வீட்டுக்குள் கொண்டுவந்து மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் அது அப்படியே கிடந்தது. நாலாம் நாள் அம்மா அதை எடுத்து விரித்து, முழம் போட்டு வெட்டி, ரெட்டைத் தையலில் தைத்தாள். ஊசி ரெண்டு ஒடிந்தது. காரைத் தொட்டுப்பார்க்காத அவள் தைத்த படுதா, ஒரு சுருக்கம் இல்லாமல் காருக்குப் பொருந்தியது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அப்பா தனியாக ஓட்டிப் பார்க்கப் போனார். நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே தண்ணீர் கொதித்துவிட்டது. திரும்பி வந்தவர் காபிகூடக் குடிக்கவில்லை. தன் ஜீப்பின் ரேடியேட்டரைக் கழற்றிக் காரில் மாட்டினார். பானட் மூடவில்லை, திறந்தபடியே விட்டார். ஜீப் ஒரு வாரம் கொட்டகையில் நின்றது. உனக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்கிறது என்று சைக்கிள் கடை மாமா சொன்னதற்கு, அப்பா ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

புறப்படுகிறதுக்கு முந்தின சாயங்காலம் அம்மா முதல்தடவையாகக் கொட்டகைக்குள் வந்தாள். காரை ஒரு சுற்று சுற்றினாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். நான் அடுத்த குறையைக் கேட்டு அப்பாவிடம் சொல்லக் காத்துக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பதை மறந்து. அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. “வெரசா கெளம்பணும்னா முறுக்க இப்பவே டின்னுல போட்டு வைக்கணும்” என்று சொல்லி இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் ஏறினோம். கீழே வெயில், பாதி மலையில் மஞ்சு. எதிரே வந்த ஜீப்புக்காரர்கள் எல்லாம் அப்பாவின் கூட்டாளிகள். “அண்ணே, மாப்ள நீங்கதானா?” என்று ஒருவர் கத்திவிட்டுப் போனார். ஒவ்வொரு வளைவுக்கும் அப்பா ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்ப்பார். அம்மா கம்பியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். வாந்தி எடுத்தது நான்தான். மூன்று தடவை. அம்மாதான் என் நெற்றியைப் பிடித்துவிட்டு, வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்காக வாங்கிய எலுமிச்சம்பழம் என் மூக்கில்தான் இருந்தது.

இப்படி வந்து சேர்ந்துதான் அந்த மண்பாதை வாயில் நிறுத்தச் சொன்னாள். எஸ்டேட் வீடு அங்கிருந்து அரை மைல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தச் சீட்டை உயர்த்தியது யாருக்காக, அந்தக் கண்ணாடி யாருக்காக. இந்தக் கோமாளி வண்டியில் போய்ப் பந்தலில் இறங்க அம்மாவுக்கு வெட்கம் என்றுதான் நினைத்தேன். வாசல்வரைக்கும் போகலாம்மா என்று அழுதேன். அப்பா என் பக்கம் திரும்பி, “பேசாம இரு ஆத்தா” என்றார். அவர் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எனக்குப் பிள்ளை பிறந்து, பால் கட்டிக்கொண்டு நான் துடித்த ஒரு நாளில் அம்மா சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும். அக்கா, அம்மா பெற்ற பிள்ளை. பெரியம்மாவுக்குப் பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை. எனக்கு இன்னொன்று பிறக்கும்க்கா என்று சொல்லி, மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த இன்னொன்று பிறக்கப் பன்னிரண்டு வருஷமானது. அன்றைக்கு அவள் வெறுங்கையோடு அந்த மண்பாதையில் நடந்தே இறங்கிவந்து, இதே வாயில் நின்ற ஜீப்பில் ஏறியிருக்கிறாள். ஓட்டியது அப்பா. ஒவ்வொரு வளைவிலும் அவள் வாந்தி எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் நிறுத்தியிருக்கிறார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவளுக்கு எந்த வண்டியிலும் குமட்டியதில்லை. அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் ஏழு மாதம் ஸ்பானர் பிடித்திருக்கிறார்.

எட்டு வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, அழுத கண்ணோடு பின்சீட்டில் இருந்தேன். அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். முறுக்கு டின்னையோ பையையோ எடுத்துக்கொள்ளவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏலச்செடிகளுக்கு நடுவில் அந்த ஈரப்பாதையில் நடக்கத் தொடங்கினாள். அப்பா முதல் கியரில் அவளுக்குப் பின்னால் காரை ஊரவிட்டார். உயர்த்திய சீட்டு காலியாகக் குலுங்கிக்கொண்டு வந்தது. மேலே பந்தலில் பாட்டுப் போட்டிருந்தார்கள் போல, ஒரு திருப்பத்தில் அது காற்றோடு வந்து காதில் விழுந்தது. அம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு, அப்பா ரெண்டாவது கியருக்கு மாற்றவேண்டிய அளவுக்கு, ஓட ஆரம்பித்தாள்.