மடத்து வளைவுக்குக் கீழை

எங்கட நெடுந்தீவுக் கரையிலை இடிஞ்ச மடம் ஒண்டு கிடக்கு. பறங்கியர் காலத்திலை கத்தோலிக்கச் சந்நியாசிமார் இருந்தவையாம். ஒல்லாந்தர் வந்து துரத்திப்போட்டாங்களாம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைச்சுக் கட்டின சுவர், ரண்டு முழ அகலம். கூரை போய்க் கனகாலம். விழுந்த கல்லை ஊரார் வேலி கட்டக் கொண்டுபோட்டினம். எங்கட வேலியும் அதுதான், ஏன் பொய் சொல்லுவான். ஒரு அறையிலை மட்டும் பெரிய வளைவொண்டு விழாமல் நிண்டது.

எண்பத்தாறு மாரியிலை என்ரை மூத்த பிள்ளை பிறந்து அரை மணித்தியாலம் உயிரோடை இருந்தது. பிள்ளை தங்காதெண்டு தெரிஞ்சால் எங்கட வேதக்காரச் சனம் பங்குச் சுவாமி வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறேல்லை. ஆரெண்டாலும் தலையிலை தண்ணி வாத்து ஞானஸ்நானம் குடுக்கலாம். அண்டைக்கு அறை நிறையப் பொம்பிளையள். மச்சாள் வாத்திட்டாளெண்டு அம்மா நினைச்சா. அம்மா வாத்திட்டாவெண்டு மச்சாள் நினைச்சாள். ஒருத்தரும் வாக்கேல்லை. எனக்கு வந்த கோவத்துக்கு, எழும்ப ஏலுமெண்டால் ரண்டு பேரையும் கிணத்துக்கை தள்ளியிருப்பன்.

கோயில் மூப்பர் நல்ல மனுசன்தான். ஆனால் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குச் சேமக்காலையிலை இடமில்லை, மதிலுக்கு வெளியிலைதான் புதைக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டார். சுவாமியைக் கேப்பமெண்டால், காத்தும் நேவியின்ரை மறிப்புமாய்க் குறிகட்டுவான் துறையிலையிருந்து ஒரு வள்ளமும் வரேல்லை. மதிலுக்கு வெளியிலை மாடு மேயுற வெளி. அதிலை என்ரை பிள்ளையைக் கிடத்த விடமாட்டனெண்டு அழுதன்.

என்ரை மனுசன் கடற்றொழில் செய்யிறவர், அதிகம் வாய் திறவாதவர். பிள்ளையைத் துவாயிலை சுத்தித் தூக்கிக்கொண்டு என்னட்டைக் குனிஞ்சு, "மடத்திலை பீடம் இருந்த இடம் எனக்குத் தெரியும். மந்திரிச்ச நிலம் எண்டைக்கும் மந்திரிச்ச நிலம்தான்" எண்டார். அந்த வளைவுக்குக் கீழை அலவாங்காலை பாறையை உடைச்சு, தனிய நிண்டு தாட்டுப்போட்டு வந்தார். ரண்டு கையும் கொப்பளம். அண்டைக்கு அவரிலை வந்த பாசம் எனக்கு அதுக்கு முன்னம் வந்ததில்லை.

மூண்டு கிழமையாலை சுவாமி வந்தார். ஒண்டும் மறைக்காமல் சொன்னன். நல்ல ஏச்சு விழுமெண்டுதான் நிண்டனான். அவர் ஏசேல்லை, இடத்தைக் காட்டச் சொல்லி என்னோடை நடந்து வந்தார். பழைய கட்டடமெண்டால் அவருக்கு உயிர். நீட்டு மண்டபத்தைக் காட்டி, இதுதான் கோயில், பீடம் கிழக்குச் சுவரோடை, தீர்த்த மாடம் வாசலடியிலை எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர், வளைவடியிலை நிண்டிட்டார். மேலை பாத்தார். சுவரை நகத்தாலை சுரண்டினார். விரலெல்லாம் கரி. வளைவுக்கு மேலை புகை போற துவாரம் அப்பதான் என்ரை கண்ணிலையும் பட்டுது.

கரி விரலை அங்கியிலை துடைச்சுப்போட்டுச் சுவாமி என்ரை பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இது பீடமில்லை. சந்நியாசிமார் சமைச்ச குசினி. விருப்பமெண்டால் சொல்லும், நானே நிண்டு கோயில் பக்கம் மாத்தி வைப்பிக்கிறன்."

"வேண்டாம் சுவாமி," எண்டன். "அது ஒரு சொட்டுப் பாலும் குடியாமல் போன பிள்ளை. குசினியிலையே இருக்கட்டும்."

சுவாமி அந்தக் கரிச் சுவரடியிலை முழங்காலிலை நிண்டு நிலத்தை மந்திரிச்சார். அது குசினியெண்டு என்ரை மனுசனுக்கு அவரும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை.