அண்ணன் எடுத்து வைத்திருந்த சந்தனக்கட்டை

செந்தூர் முருகனின் பாதத்தை நினைத்துக்கொண்டு, அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் எங்களோடு வந்து நிற்கும் சொந்தபந்தங்களுக்கும், பட்டறைக்காரர்களுக்கும், எங்கள் தாராவித் தெருவினருக்கும் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழையை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தச்சர் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். எங்கள் அப்பா தவறியதும் பதினாறு வயதில் ரயிலேறி வந்து தாராவியில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்தார்கள். முதலில் தேக்கில் கதவு வேலை, பிறகு சந்தனத்தில் சாமி வேலை. என் கணவர் காலமாகி நான் தனித்து நின்றபோது, கல்யாண் ஸ்டேஷனுக்கே வந்து என் பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டு, "ஏட்டி, இனிமே இதான் ஒன் வீடு" என்று அழைத்து வந்தார்கள். மதினியும் அன்றிலிருந்து இன்று வரை ஒரு சொல் குறைத்துச் சொன்னதில்லை.

சந்தனத்தைப் பற்றி அண்ணன் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். மரத்தின் வெளிப்பக்க வெள்ளைக்கு வாசனையே கிடையாது, உள்ளே மஞ்சளோடிய வைரத்தில்தான் எண்ணெய் இருக்கிறது, வேர்ப்பக்கம் போகப்போக எண்ணெய் கூடும் என்பார்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும், நிழலில் ஆற வைக்க வேண்டும். தலைமுடி அளவு கோடு போட்டாலும் பிசிறு வராது. பிள்ளையாரின் கண் இமையைச் செதுக்க வேறு எந்த மரமும் இப்படிப் பொறுக்காது என்பார்கள். வார்னிஷ் அடிக்கச் சொல்லி யாராவது கேட்டால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். "மூக்கப் பொத்திட்டு மூச்சு விடுன்னா எப்படி விடும்? உப்புத்தாள் போட்டுத் தேச்சுக் கொடுக்கேன், அது போதும்" என்பார்கள்.

இருபத்தைந்து வருடம் முடிந்தபோது பட்டறை முதலாளி ஒரு வேர்க்கட்டையை அண்ணன் கையில் கொடுத்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் இருக்கும். அதை மஞ்சள் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்தார்கள். "நான் போறப்ப இத என் நெஞ்சு மேல வச்சு அனுப்புங்க. ஆயுசு பூரா சந்தனத்த செதுக்கிட்டு, வெறுங்கட்டையில வேகக் கூடாது" என்று சிரிப்பார்கள். மதினி திட்டுவார்கள். அவர்கள் திட்டத்திட்ட அண்ணன் இன்னும் சிரிப்பார்கள்.

பெருந்தொற்று வந்த வருடம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து தேறியது. ஆனால் மூக்கு திரும்பவில்லை. மீன் குழம்பும் தெரியாது, சாக்கடையும் தெரியாது, சந்தனமும் தெரியாது. வீட்டில் எனக்கும் மதினிக்கும் மட்டுமே தெரியும். "வெளிய சொல்லாதீங்க. சந்தனம் செதுக்குதவனுக்கு வாசனை தெரியாதாம்னு சிரிச்சே கொன்னுருவானுவ" என்றார்கள். மதினி அணுசக்தி நகரில் சமையல் வேலைக்குக் காலையிலேயே போய்விடுவார்கள். ஆகவே புதுக்கட்டை எது வந்தாலும் ஒரு சிம்பு சீவிச் சட்டைப் பையில் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது என்னிடம் நீட்டுவார்கள். முதலில் ஒரு கேள்வி கேட்பார்கள்.

"கையக் கழுவினியா?"

கழுவிவிட்டுத்தான் மோந்து பார்ப்பேன். நல்லது என்றால் நல்லது, சப்பென்று இருந்தால் சப்பென்று இருக்கிறது. நான் சொல்வதுதான் அண்ணனுக்குச் சொல்.

அன்றைக்குக் கிருத்திகை. முருகன் படத்துக்கு வைக்கச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு சிம்போடு வந்தார்கள். செம்பூரில் ஒரு அம்மா புது வீட்டுக்குப் பிள்ளையார் செய்ய, தங்கள் வீட்டில் வெகுகாலமாக இருந்த கட்டையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள்.

"கைக்குக் கனம் கொறவாத் தெரியுது. காஞ்ச கட்டையா இருக்குமோ என்னமோ. நீ பாத்துச் சொல்லு. கையக் கழுவினியா?"

"எல்லாம் கழுவியாச்சு, போண்ணே. சோறு ஆறுது" என்றேன்.

கழுவவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். மூக்கருகே கொண்டுபோனதும் கமகமவென்று வந்தது. என் விரல்தான் மணத்தது. "நல்லாருக்கு, கண்ண மூடிட்டு வேலயப் பாருங்க" என்றேன். அண்ணன் சந்தோஷமாக இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிள்ளையார் முடிந்ததும், பிறகு கிரகப்பிரவேசம் நடந்ததும், அந்த அம்மா இனிப்புப் பெட்டி கொடுத்தனுப்பியதும் எனக்குத் தெரியும். வேறெதுவும் தெரியாது. அதன்பிறகும் இரண்டு வருடம் அண்ணன் சிம்பு கொண்டுவந்தார்கள். அதே போல "கையக் கழுவினியா?" என்று கேட்டார்கள். நானும் "இதென்ன தெனமும் ஒரே கேள்வி" என்று சலித்துக்கொண்டேன்.

போன வருடம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கே நாள். நான்காம் நாள் மதினி கையைப் பிடித்தபடியே போய்விட்டார்கள்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது, "சந்தனக்கட்டை வச்சிருந்தாரே, எடுங்கம்மா" என்று பெரியவர்கள் கேட்டார்கள். தகரப்பெட்டியில் மஞ்சள் துணி அப்படியே இருந்தது. பிரித்தால் உள்ளே கட்டை இல்லை, ஒரு பிள்ளையார் இருந்தார். ஒரு சாண் உயரம், இமை வரைக்கும் அண்ணன் கை. மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சாமியை எப்படித் தீயில் வைப்பது? யாரோ ஓடிப்போய்க் கடையில் விரல் நீளத்துக்கு ஒரு சந்தனத் துண்டு வாங்கி வந்தார்கள். அதைத்தான் நெஞ்சில் வைத்தோம். ஆயுசு பூரா சந்தனம் செதுக்கிய என் அண்ணன் ஒரு விரல் துண்டோடு போனார்கள்.

பதினாறாம் நாள், பட்டறையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த மாடசாமி வந்தார். துணியில் இருந்த பிள்ளையாரைக் கொண்டுவந்து காட்டினேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணாச்சி சத்தியம் வாங்கிட்டாருக்கா. இது அந்தச் செம்பூர் அம்மா கொடுத்த கட்டைல செஞ்சது. பட்டறைக்குள்ள பூராவும் சந்தன வாடை, ஒண்ணும் தெரியல. வேல முடிஞ்சு வாசல்ல வச்சு உப்புத்தாள் போட்டாரு. சந்தனத்தூளுன்னா சந்து முனை வரைக்கும் மணக்கணும்லா? அண்ணாச்சி, தூள் மணக்கலையேன்னேன். அப்படியே உக்காந்துட்டாரு. 'தங்கச்சி சொன்னாளே'ன்னு ஒரு தடவதான் சொன்னாரு."

கிரகப்பிரவேசத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்ததாம். நல்ல கட்டை என்று அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் அண்ணன் தன் வேர்க்கட்டையைக் கொண்டுவந்து செதுக்கத் தொடங்கினார்களாம்.

"அது ஒங்களுக்குன்னு வச்சதுல்லான்னு கேட்டேன். 'நான் என்ன நாளைக்கேவா போறேன்? பிள்ளையாருக்கு அடுத்த வாரம் குடிபோகணும்லா'ன்னாரு. 'தங்கச்சி காதுக்குப் போச்சுன்னா பெறகு எந்தக் கட்டையையும் தொடமாட்டா, பாவம்'னு சொன்னாருக்கா."

அப்படி ஒரு வேர்க்கட்டை அதன்பிறகு அண்ணனுக்குக் கிடைக்கவே இல்லையாம்.

இதை இந்த நினைவு மலரில் எழுதலாமா என்று மதினியிடம் கேட்டேன். அண்ணன் மூடி வைத்ததை நான் திறக்கலாமா என்று பயமாக இருந்தது. மதினி வெகுநேரம் அழுதுவிட்டு, "எழுது. அவுக மனசு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்கள். செம்பூர் அம்மாவுக்கும் ஒரு பிரதி போகிறது. அம்மா, உங்கள் வீட்டில் மணக்கும் பிள்ளையார் நீங்கள் கொடுத்த கட்டை இல்லை. திருப்பித் தர வேண்டாம். விளக்கேற்றும்போது என் அண்ணனை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் போதும்.

ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த மாடசாமிக்கும், பட்டறையை மூடிவிட்டு வந்து தோள் கொடுத்த முதலாளிக்கும் தொழிலாளர்களுக்கும், பதினாறு நாளும் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், மாட்டுங்கா கோயிலில் மோட்ச தீபம் ஏற்றியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

மணக்காத பிள்ளையார் எங்கள் வீட்டில் அண்ணன் படத்துக்குக் கீழே இருக்கிறார். காலையில் சந்தனம் அரைத்து அவர் நெற்றியில் வைக்கிறேன். பிறகு அண்ணன் படத்தின் முன்னே போய் நிற்கிறேன்.

கையக் கழுவிட்டேண்ணே.