கல்லின் வாயில் நின்ற மருந்து

என் படிப்பு பத்தோடு நின்றது. பிழைக்க வந்த இந்த நாட்டில் கப்பல் பட்டறை, கட்டடம், கிடங்கு என்று மாறி மாறி, கடைசியில் கிளமெண்டி பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கைவேலைக்குச் சேர்ந்தேன். உப்புநீர் கலப்பது, குழாய் கழுவுவது, கல் அறுப்பது. ஆராய்ச்சி செய்தவர் திருச்சிப் பக்கத்துப் பெண். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார்.

வெந்நீர் போடும் பாத்திரத்தில் படிவதுபோல எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களிலும் உப்புப் படிந்து அடைத்துவிடும். அதைத் தடுக்கும் மருந்தைப் பூமிக்குள் செலுத்தினால், எண்ணெயோடு சீக்கிரமே வெளியே வந்துவிடுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களில் மருந்தை ஏற்றி அனுப்புகிறார்கள். அவை பாறைக்குள் ஆழமாகப் போய் ஒட்டிக்கொண்டு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அதுதான் மேடத்தின் வேலை. பணம் போட்ட எண்ணெய்க் கம்பெனி இந்த ஒரு சோதனையைப் பார்த்துத்தான் திட்டத்தை நீட்டிக்கும். இல்லையென்றால் இங்கே வேலை செய்ய அவருக்குத் தந்திருக்கும் பாஸ் முடிந்துவிடும். கணவரும் இங்கேயே பிறந்த மகளும் அவரோடு ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

பாறைக்குப் பதிலாக விரல் நீளக் கல் ஒன்றை இரும்புக் குழாயில் இறுக்கி, சூடான பெட்டிக்குள் வைத்து, துகள் கலந்த உப்புநீரைப் பம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினோம். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் துகள்கள் அங்கங்கே தங்கிவிடும், சோதனை செல்லாது.

மறுநாள் மதியம் அழுத்தம் ஏறத் தொடங்கியது. துகள்கள் உள்ளே போகாமல் கல்லின் வாயிலேயே கட்டிக்கொள்கின்றன என்று மேடம் சொன்னார். நிறுத்தினாலும் போச்சு, விட்டாலும் போச்சு.

"வேகத்தைக் குறைச்சுப் பாக்கலாமா மேடம்?"

"குறைச்சா இன்னும் சீக்கிரம் கட்டும்ணே. உக்காருங்க. டாக்டர் பட்டம் வாங்கினதே பம்ப வேடிக்கை பாக்கத்தான்."

உட்கார்ந்து பார்த்தோம். அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை.

மாலையில் அழுத்தம் எல்லையைத் தாண்டியதும் பம்பு தானாக நின்றது. கல்லை நெடுக்காக அறுத்துக் கொடுத்தேன். முகப்பில் மட்டும் பாலாடைபோல வெள்ளையாக ஒரு படலம். உள்ளே வெறும் கல். படம் எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு எழுதப் போனார்.

நீட்டிப்பு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் அவர்கள் மூவரும் புதிதாக வாங்கிய பெரிய பெட்டியோடு நின்றார்கள். ரயில் நிலையம் வரை அதை நான் தள்ளிக்கொண்டு போனேன். மகள் என் பக்கத்திலேயே நடந்தாள்.

"அங்கிள், நாங்க சும்மா ஹாலிடேக்குத்தான் போறோம்லா. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துடுவோம்."

மேடம் வேறு பக்கம் பார்த்தார். நகரும் மின்படியில் சக்கரம் சிக்காமல் பெட்டியைப் பிடிப்பதில் நான் கவனமாக இருந்தேன்.