சோதனைச் சாவடியில் அப்பா இறங்கினார்

சுற்றுலாக் கம்பனிகள் சிறுபான்மை மனிதர்களைக் காட்சிப்பொருளாக விற்கின்றன. வாங்குவது எங்களைப் போன்றவர்கள். நானும் வாங்கினேன்.

இங்கே ஃபேஸ்புக்கில் ஒரு நண்பர் போட்டிருந்த தாய்லாந்துப் படங்களைப் பார்த்ததும் அந்தக் காலை வாசனையோடு திரும்பி வந்துவிட்டது... ஊதுபத்தி, ஈரச் செங்கல், எண்ணெயில் பொரியும் கடலைமா.

ஆறு வருடம் இருக்கும். அப்பாவுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு வந்த முதல் விடுமுறை. இலங்கையின் மன்னார்க்காரர், லண்டன் செவன் கிங்ஸில் பதினான்கு வருடம் பேப்பருக்காகக் காத்திருந்தவர். நானும் அவரும் தாய்லாந்தின் வடக்கில், பர்மாவைப் பார்த்தபடி இருக்கும் ஒரு எல்லை ஊருக்குப் போனோம். மூன்று விகாரைகள், மத்தியானச் சாப்பாடு, 'பழங்குடி நடனம்'. பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

முதல் விகாரை வாசலிலேயே அப்பா நின்றுவிட்டார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"உள்ளுக்கு வாங்கோ அப்பா, வடிவா இருக்கு."

"நீ போட்டு வா. எங்கட பக்கம் புத்தர் வந்து குந்தினா, பின்னால ஆமிக்காம்பும் வரும்."

"சத்தம் போடாதேங்கோ."

"இஞ்ச ஆருக்கடா தமிழ் விளங்கும்? உனக்கே அரைவாசிதான்."

எங்கள் வழிகாட்டி சாய், எல்லையின் இரு பக்கமும் வாழும் ஷான் இனத்தவர். அந்த விகாரையைக் கட்டியது தன் மக்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஷான் எழுத்துப் படிப்பிக்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் அது கிடையாது. அப்பாவுக்குச் சொன்னேன். என்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன மனிதர் அவர்.

பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

அங்கே எழுத்துப் படிப்பித்தவள் நாங் ஹோம், சாயின் அக்கா மகள். இருபது வயதிருக்கும். மத்தியானம் எங்களுக்காக ஆடியவளும் அவள்தான். நான் வீடியோ எடுத்தேன். மறுநாள் காலை அவளுக்கு நகரத்தில் நர்ஸிங் படிப்புக்கு இன்டர்வியூ. எங்கள் வான் வண்டியில் வரட்டுமா என்று சாய் கேட்டார். அப்பா தன் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார்.

ஊரைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. சீருடைக்காரன் ஒருவன் கதவைத் திறந்தான். சுற்றுலாப் பயணிகள் அசையவே தேவையில்லை. அப்பா மட்டும் விருட்டென்று இறங்கி, தொப்பியைக் கழற்றி, பாஸ்போர்ட்டைப் படம் தெரிய விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, மன்னார்ச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நின்ற பழக்கத்தில், ரோட்டோரம் நின்றார்.

வானுக்குள் யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சிரித்தவர்களை நினைத்து அல்ல... அப்பாவை நினைத்து.

சீருடைக்காரன் அவரை ஏறச் சொல்லிவிட்டு நாங் ஹோமை இறக்கினான். அந்த ஊரிலேயே பிறந்தவள். ஆனால் குடியுரிமை இல்லை. மாவட்டத்தைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். விண்ணப்பித்திருந்தாள், வரவில்லை. எங்களோடு இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி ஏறியிருக்கிறாள். சாய் கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தார். அவன் தலையை ஆட்டவேயில்லை.

"தம்பி, நீ இறங்கிக் கேள். பிள்ளைக்கு நாளைக்கு இன்டர்வியூ எண்டு சொல்லு. வெளிநாட்டுக்காரன் கேட்டா யோசிப்பாங்கள்."

"எங்கட நாடில்லை அப்பா. வீண் பிரச்சினை."

"எங்கட நாட்டிலயும் ஆமி எங்களை இறக்கேக்க இதைச் சொல்லித்தான் எல்லாரும் பஸ்ஸுக்குள்ள இருந்தவை."

வான் கிளம்பியது. அவள் ஃபைலை மார்போடு அணைத்தபடி ரோட்டில் நின்றாள். அன்றைக்கே அவளுடைய நடனத்தை ஃபேஸ்புக்கில் போட்டேன். லைக் குவிந்தது. அவள் பெயரைக்கூட எழுதவில்லை.

இப்போது நான் ஊர்வலங்களுக்குப் போகிறேன். லண்டன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறேன். சுற்றிவர ஆயிரம் பேர் கத்தும்போது அது சுலபம். அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆள், நாலு வசனம். கேட்டிருந்தாலும் அவன் விட்டிருப்பானோ தெரியாது. நான் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

நேற்று அந்த நண்பரின் படங்களை அப்பாவுக்குக் காட்டினேன். பொன் விகாரைகளையெல்லாம் விரலால் தள்ளிக்கொண்டே போனார். பிறகு போனை என் கையில் திருப்பித் தந்தார்.

"அந்தப் பிள்ளை படிக்கப் போனதோ? சாயின்ர நம்பர் உன்னட்டைத்தானே கிடக்கு. எடுத்துக் கேளடா."