படலை வரைக்கும்

பனிச்சங்கேணிக்கு பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரோடுதான் வீடு வீடாக ஏறி ஆய்வுக் கேள்விகள் கேட்க வேண்டும். முதலில் பிரஷர், பிறகு சீனி, கடைசியில் மனம். பிரஷருக்குச் சந்தோஷமாகக் கையை நீட்டுகிறவர்கள், மனம் என்றதும் கூரையைப் பார்ப்பார்கள்.

எங்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பதில் சொல்கிறவர் தனியாக இருக்க வேண்டும். நன்றி சொல்லி முடித்த பிறகு பேசுவது எதுவும் ஆய்வில் சேராது. இதை எழுதியவர்கள் எங்கோ மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதியிருக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனிமைக்கு நான் எங்கே போவேன்?

அந்த வீட்டில் ஒரு மாமியும் மருமகளும் மட்டும்தான். மருமகளின் கணவன் போன மாரியில் வாவியில் தோணி கவிழ்ந்து இறந்திருந்தான். நான் பேச வேண்டியது மருமகளோடு. மாமி முழங்கால் வலியென்று பாயில் கால் நீட்டி இருந்தாள். கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று தன்மையாகத்தான் கேட்டேன். காது கேட்காதவள் போல இருந்துவிட்டாள். நித்திரை வருகிறதா, சாப்பாடு பிடிக்கிறதா என்று கேட்கக் கேட்க, மருமகள் மாமியைப் பார்த்துவிட்டு ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். எனக்கு அந்தக் கிழவியின் மேல் எரிச்சலாக வந்தது.

வந்தவரை வேலி வாசலில் இருக்கும் படலை வரை கொண்டுபோய் விடுவது எங்கள் பக்கத்து மரியாதை. மருமகள் கூடவே வந்தாள். நான் நன்றி சொல்லி முடித்தாயிற்று. அப்போதுதான் படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தாள்.

"அக்கா, எனக்கு நித்திர இல்ல. இரவில எழும்பி ஆத்தடிக்குப் போறன். திரும்பி வர மனமில்ல."

வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். உடனே ஆஸ்பத்திரியில் மனநல டொக்டர் வரும் நாளைச் சொன்னேன். டொக்டரின் அறைக்கு வெளியே அந்த வாங்கில் வரிசையில் இருந்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடும், மாமி விடமாட்டாள் என்றாள்.

மேலிடத்துக்குச் சொன்னேன். அது ஆய்வில் சேராது, முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார்கள். எத்தனை வருடமாக இந்தப் பதிலைக் கேட்கிறேன். அலுத்துவிட்டது.

அடுத்த நாள் காலையிலேயே, பிரஷரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற சாட்டில் போனேன். மாமியோடு சண்டை பிடிக்கும் எண்ணம்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. பிரஷரை மட்டும் பார்த்துவிட்டுப் போக எழும்பினேன். மருமகளும் எழும்பினாள். மாமி அவளை இருக்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, தானே நொண்டி நொண்டி என்னோடு படலைக்கு வந்தாள்.

"அவள் இரவில எழும்பிப் போனா நானும் பின்னால போறன் புள்ள. அவளுக்குத் தெரியாது. தனிய விடப் பயம், அதான் பக்கத்திலயே இரிக்கன். எப்பிடியாவது அவள டொக்டரிட்டக் காட்டுங்க. ஊர் கேட்டா எனக்குப் பிரஷர் எண்டு சொல்லுவம்."

முழங்கால் வலி எங்கிருந்து வந்ததென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

டொக்டர் வரும் நாளில் மூவரும் அந்த வாங்கில் இருந்தோம். மருமகளைக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் மாமியை வெளியே இருக்கச் சொன்னேன்.

மருமகள் மாமியின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"மாமியும் வரட்டும் அக்கா. அவவுக்கும் நித்திர இல்ல. என்ர பின்னாலதானே நடக்கிறா."