மேற்கு ஜன்னல், நாலு மணி

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் நாங்கள் எட்டுப் பேர் தெலுங்கு படித்தோம். வாத்தியார் கிடையாது. ஒரு அரிச்சுவடியும் கிழிந்த அகராதி ஒன்றும்தான். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஆனால் ஒரு எழுத்தும் தெரியாது. மீதிப் பேர் என்னைப் போலத் தமிழ்க்காரர்கள். பம்பு கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆந்திராவிலிருந்து வரும் கடிதங்களைப் படிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பேச்சு வரும், எங்களுக்கு அவர்களைவிடச் சீக்கிரம் எழுத்து வந்தது. குருடனும் நொண்டியும் சேர்ந்து நடந்த கதைதான்.

எங்களில் ஒருவர் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வீட்டில் தெலுங்குதான். "சண்டை போடற பாஷையில ஒரு வரி எழுதத் தெரியாம இருக்கறது அசிங்கமுங்க" என்று சொல்லித்தான் சேர்ந்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்த மூன்றாம் மாதமே புதிர் போட ஆரம்பித்துவிட்டார். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கோணல் மாணலாக நாலு வரி தெலுங்கில் எழுதுவார். அதை அவிழ்த்தால் ஊரில் ஓர் இடம் கிடைக்கும். அங்கே அடுத்த தாள் இருக்கும். 'நாள் முழுக்கக் குடிப்பான், வயிறு நிறைந்தால் ஊருக்கே ஊட்டுவான்' என்று ஒருமுறை எழுதியிருந்தார். நாங்கள் ஊரிலிருந்த ஒயின்ஷாப்புகளையெல்லாம் யோசித்து முடித்த பிறகுதான் மேல்நிலைத் தொட்டி ஞாபகம் வந்தது. ஏணியின் கீழ்க்கம்பியில் தாள் கட்டியிருந்தது.

இரண்டு விதிகள் வைத்திருந்தோம். எல்லோரும் சேர்ந்தே போக வேண்டும், தனியாகக் கண்டுபிடித்தால் செல்லாது. விடை கிடைக்கும்வரை புதிர் போட்டவர் முகத்தில் விழிக்கக்கூடாது, போய் நின்றால் தோற்றதாக அர்த்தம். இந்த இரண்டாவது விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். அவரிடம் போய்த் தலையைச் சொறிந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார். "படுத்திருந்தாலும் இந்த மாசத்துத் தாள் வந்துருமுங்க" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்குள் விடையோடு போய் அவர் முன்னால் நிற்க வேண்டும், சந்தோஷத்தோடு அவர் உள்ளே போக வேண்டும் என்று நாங்கள் எழுவரும் பேசி வைத்துக்கொண்டோம். அதைத் தவிர அவருக்குக் கொடுக்க எங்களிடம் வேறு என்ன இருந்தது?

புதன்கிழமை அவருடைய மனைவி பேக்கரியில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஞாயிறு நாலு மணி. மேற்கு ஜன்னல். வேப்பமரத்து உச்சி கண்ணுக்கு நேராகத் தெரியும். ஏழு பேரும் வாருங்கள்.

சோமனூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு டீச்சர் எட்டாவது ஆளாக அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தார். தாளை இரண்டு முறை படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, அவரு நம்மள ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாராட்ட இருக்குதுங்களே?"

நான் சிரித்தேன். "அவரு எப்பங்க அம்மணி நேரா ஒரு வார்த்தை எழுதியிருக்காரு? போகப் போகத் தெரிஞ்சுக்குவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு மண்டைக்கனம் கொஞ்சம் அதிகம். டிராயிங் போடுகிறவன் அல்லவா, கம்பெனியிலிருந்து பெரிய தாள் கொண்டுவந்து ஊரை வரைந்தேன். வேப்பமரத்து உச்சி கண்ணுக்கு நேராக என்றால் குறைந்தது இரண்டாம் மாடி. மேற்கே ஜன்னல். நாலு மணி வெயில் அதில் அடிக்கும். மூன்று நாள் தலையை உடைத்துக்கொண்டு, சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பஞ்சுக் கிடங்கில் கொண்டுபோய் நிறுத்தினேன். மேற்கே ஒரு ஜன்னல், எதிரே வேப்பமரம். எவ்வளவு கச்சிதம் என்று நானே வியந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஏழு பேரும் அங்கே இருந்தோம். காவல்காரரிடம் கெஞ்சி மேலே ஏறி ஜன்னல் விளிம்பு, கதவிடுக்கு, ஓட்டுச்சந்து எல்லாம் தடவினோம். கையெல்லாம் புறா எச்சம். ஆறு மணிக்கு இறங்கிவிட்டோம். கீழே வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்றார் ஒருவர். "இன்னும் திங்கக்கிழமை இருக்குதுங்க" என்றேன். திங்கட்கிழமையும் வரைபடத்தோடுதான் போனது.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் டேபிளிலிருந்து அவர் திரும்பவில்லை.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் பந்தலுக்கு அடியில் நின்றோம். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவருடைய மனைவி எங்களிடம் வந்தார். அழுது ஓய்ந்த குரல்.

"ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கே சேரை ஜன்னலோரமாப் போடச் சொன்னாருங்க. நர்சம்மாகிட்ட ஏழு டம்ளர் கேட்டு வாங்கி, கழுவிக் கவுத்து வெச்சிருந்தாரு. என்னைய விட்டு பிளாஸ்க்குல டீ வாங்கியாரச் சொன்னாரு. ஆறு மணி வரைக்கும் அந்த வேப்பமரத்தையே பாத்துட்டிருந்தாருங்க. அப்பறம், 'இந்த ஒருக்கா நேரா எழுதிப்போட்டேன், அதான் அவிய வரலையாட்ட இருக்குது'ன்னு சிரிச்சாருங்க. எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான். மற்ற ஆறு பேரையும் கூடவே அலைய வைத்தேன். சோமனூர் டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

"அந்தத் தாளு உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று கேட்டார் அவர் மனைவி. "குடுத்துட்டு வந்தது நானுதான். ஆனா எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. என்ன எழுதியிருக்காருன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு வாரமாக எடுத்து எடுத்துப் பார்த்ததில் மடிப்பு கிழிந்திருந்தது. தெலுங்கிலேயே படித்தேன். அது அவருடைய வீட்டு மொழி, நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு நாலு மணி. மேற்கு ஜன்னல். வேப்பமரத்து உச்சி கண்ணுக்கு நேராகத் தெரியும். ஏழு பேரும் வாருங்கள்.

நான் இன்னும் படிப்பேன் என்று அந்த அம்மா காத்திருந்தார். பிறகு கேட்டார்: "அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க" என்றேன்.